பெங்களூரு வீட்டில் மாதிரி ரயில்: எச்ஓ, என்-ஸ்கேல், நேரோ கேஜ் ஆகியவற்றில் எது?

மாதிரி ரயில் கட்டும் பொழுதுபோக்கில் இறங்குகிறவர் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவற்றைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். மின்கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றலாம், பலகையை அறுத்து வேறு வடிவில் பொருத்தலாம், பிடிக்காமல் போன குன்றைப் பெயர்த்தெடுத்துவிட்டு அங்கே ஒரு குளத்தை அமைக்கலாம். ஸ்கேல் எனப்படும் அளவுவிகிதத்தை மட்டும் அப்படி மாற்ற முடியாது. தண்டவாளம், இன்ஜின், பெட்டி, சிக்னல் கம்பம், நடைமேடையில் மூட்டையோடு நிற்கும் மனிதப் பொம்மை வரை எல்லாமே அதைப் பொறுத்துத்தான் வாங்கப்படுகின்றன அல்லது செய்யப்படுகின்றன. ஒரு ஸ்கேலில் இரண்டு ஆண்டு செலவழித்துவிட்டு இன்னொன்றுக்கு மாறுகிறவர் ஏறக்குறைய எல்லாவற்றையும் விற்றுவிட்டுத்தான் மாற வேண்டியிருக்கும்.

இடம் பெரிதென்றால் எச்ஓ என்ற சற்றுப் பெரிய ஸ்கேல், சிறிதென்றால் அதைவிடச் சிறிய என்-ஸ்கேல் என்பதுதான் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை. நிலத்தடி அறையுள்ள அமெரிக்க வீடுகளையும், தங்கள் நாட்டு இன்ஜின் எதுவானாலும் அட்டைப்பெட்டியோடு கடையில் கிடைக்கும் சந்தையையும் மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட ஆலோசனை அது. பெங்களூருவில் இரண்டு படுக்கையறை வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பலகையின்மேல் ஓடுவது நம் ஊர் ரயிலாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவருக்கு அது பாதிதான் பொருந்தும். அவர் அறையை அளப்பதற்கு முன்பு, தமக்கு ரயில் ஓடுவதைப் பார்ப்பதில் ஆசையா, ரயிலைக் கையால் செய்வதில் ஆசையா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அந்த விடை மாறினால், அறை அதே அறையாக இருந்தாலும், எடுக்க வேண்டிய ஸ்கேல் மாறிவிடுகிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். எச்ஓ என்பது 1:87 விகிதம். அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. என்-ஸ்கேல் என்பது 1:160. இடைவெளி 9 மி.மீ. சென்னைப் பெரம்பூரின் ஐசிஎஃப் தொழிற்சாலை கட்டிய, நமக்குப் பழக்கமான ஐசிஎஃப் பெட்டி, இரு முனைகளிலும் உள்ள பஃபர் எனப்படும் மோதல்தாங்கிகளையும் சேர்த்து, ஏறத்தாழ 22.3 மீட்டர் நீளம். அது எச்ஓவில் 25.6 செ.மீ. ஆகிறது; என்-ஸ்கேலில் 14 செ.மீ. ஆகிறது. புதிய எல்எச்பி பெட்டியை 24 மீட்டர் என்று கொண்டால், எச்ஓவில் 27.6 செ.மீ., என்-ஸ்கேலில் 15 செ.மீ. இப்படி 24 பெட்டிகளைக் கோத்தால் எச்ஓவில் 6.6 மீட்டரும் என்-ஸ்கேலில் 3.6 மீட்டரும் வருகின்றன. பத்தடி அறையின் சுவரோ 3.05 மீட்டர்தான். அதாவது, சிறிய ஸ்கேல் என்று சொல்லப்படும் என்-ஸ்கேலிலும்கூட ஒரு முழு எக்ஸ்பிரஸ் ரயில் நம் படுக்கையறைச் சுவருக்குள் நேராக நிற்காது. 2023-ல் திறக்கப்பட்ட ஹுப்பள்ளியின் 1,507 மீட்டர் நடைமேடையை எச்ஓவில் செய்ய நினைப்பவருக்கு 17 மீட்டருக்கு மேல் தாழ்வாரம் வேண்டும். ஆகவே எந்த ஸ்கேலை எடுத்தாலும் பெட்டிகளைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். எத்தனை பெட்டிகளோடு மனம் நிறைவடையும் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு.

அடுத்தது தண்டவாள இடைவெளி. வெளிநாட்டு நூல்களில் இந்தச் சிக்கல் பேசப்படுவதில்லை, ஏனெனில் அது அவர்களுக்கு இல்லை. எச்ஓவின் 16.5 மி.மீ. இடைவெளி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழக்கிலுள்ள 1,435 மி.மீ. பாதைக்காக வகுக்கப்பட்டது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வர வேண்டும். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளத்தின்மேல் சரியான அளவில் செய்த இந்தியப் பெட்டியை வைத்து எதிரே நின்று பார்த்தால், சக்கரங்கள் ஏறத்தாழ 14 சதவீதம் உள்ளே ஒடுங்கியிருப்பது தெரியும். என்-ஸ்கேலிலும் விகிதம் அதேதான், 10.5 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 9 மி.மீ. இருக்கிறது. ஆனால் குறைவது ஒன்றரை மில்லிமீட்டர் என்பதால் கண் அதைக் கடந்துபோகிறது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது இரண்டிலுமே குறை தெரிவதில்லை. பெரும்பாலோர் இதைப் பொறுத்துக்கொண்டுதான் கட்டுகிறார்கள். பொறுத்துக்கொள்ள முடியாத பிடிவாதக்காரர்களுக்கும் ஒரு வழி உண்டு. பிரிட்டனில் 1:76 விகிதத்தில் மிக நுணுக்கமாகக் கட்டுகிறவர்கள் 18.83 மி.மீ. இடைவெளியில் தண்டவாளம் இடுகிறார்கள். அந்த அச்சுகளும் சக்கரங்களும் நம் 19.3-க்கு வெகு அருகில் வருகின்றன. ஆனால் அந்த வழியில் போகிறவர் தடம் பிரியும் இடமான பாயிண்ட் ஒவ்வொன்றையும் தாமே கட்ட வேண்டியிருக்கும் என்பதால், லேஅவுட் எனப்படும் மாதிரிப் பாதை அமைப்பை முதன்முதலாகக் கட்டுகிறவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதே காரணத்தால் பிரிட்டிஷ் ஓஓ ஸ்கேலை இந்தியப் பாதைக்காக எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. விகிதம் 1:76, இடைவெளியோ எச்ஓவின் அதே 16.5 மி.மீ. அகலப்பாதைக்கு அங்கே 22 மி.மீ. வேண்டும், நான்கில் ஒரு பங்கு குறைகிறது. நீராவி காலத்து இங்கிலாந்தைக் கட்ட விரும்புகிறவருக்கு அதைவிடச் செழிப்பான சந்தை வேறில்லை. ஆனால் நம் இன்ஜினை அதன்மேல் வைத்தால் அகன்ற உடலுக்குக் கீழே கால்கள் ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். 1:220 விகிதத்தின் இசட்-ஸ்கேல் மேசை இழுப்பறைக்குள் அடங்கும் என்றாலும், கையால் எதையும் செய்ய நினைப்பவருக்கு ஏற்றதன்று.

என்-ஸ்கேலின் பலம் ஓட்டத்தில் இருக்கிறது. எட்டுக்கு நாலு அடி பிளைவுட் ஷீட் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் எட்டுக்கு இரண்டு அடிப் பலகைகள் இரண்டு கிடைக்கும். அதில் ஒன்றிலேயே ஜப்பானின் காட்டோ நிறுவனத்தின் 249 மி.மீ. அல்லது 282 மி.மீ. ஆரமுள்ள வளைவுத் தண்டவாளங்களைக் கொண்டு ஒரு முழு வட்டப்பாதை அடங்கிவிடுகிறது. இன்ஜினும் ஏழெட்டுப் பெட்டிகளும் அதில் இடைவிடாமல் ஓடும். 1964-ல் தொடங்கிய பிருந்தாவன் எக்ஸ்பிரஸையோ 1992-ல் தொடங்கிய லால்பாக் எக்ஸ்பிரஸையோ ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துப் பழகியவருக்கு, ரயில் என்றாலே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வளைந்து போகும் பெட்டி வரிசைதான். அந்தக் காட்சியை எச்ஓவில் கொண்டுவரக் குறைந்தது ஒரு முழு அறை வேண்டும். வளைவின் ஆரம் பெட்டியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு இருந்தால்தான் பார்க்க இயல்பாக இருக்கும் என்பது கட்டுகிறவர்களிடையே உள்ள பொதுவான கணக்கு. எல்எச்பி பெட்டிக்கு எச்ஓவில் அது 83 செ.மீ. ஆரம்; முழு வட்டம் திரும்ப ஐந்தரை அடிக்கு மேல் அகலம் வேண்டும். அந்த அகலமுள்ள மேசையின் நடுவில் தடம்புரண்ட பெட்டியை எடுக்க ஒருவருக்கும் கை எட்டாது. இரண்டடிப் பலகையில் என்-ஸ்கேலும் இந்த மூன்று மடங்குக் கணக்கைத் தொடவில்லை, இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் நிற்கிறது; ஆனாலும் ஓடிவிடுகிறது.

அதன் குறைகளும் வெளிப்படையானவை. இந்திய இன்ஜின்கள் எந்த ஸ்கேலிலும் கடையில் சுலபமாகக் கிடைப்பவை அல்ல. நம் நாட்டில் சிறிய அளவில் செய்துகொடுப்பவர்களும் பெரும்பாலும் எச்ஓவைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே என்-ஸ்கேலை எடுத்தவர் ஒன்று ஜப்பானிய, அமெரிக்க ரயில்களை மனமார ஏற்றுக்கொள்ள வேண்டும், அல்லது மிகச் சிறிய உடல்களைத் தாமே செய்யவோ 3டி பிரிண்ட் எடுக்கவோ வேண்டும். மற்றொன்று தூசி. மெட்ரோ வேலை நடக்கும் சாலையை ஒட்டிய வீடுகளில் இருப்பவர்களுக்கு இதைப்பற்றி விளக்கத் தேவையில்லை. மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் மோட்டாரை அடைகிறது. எச்ஓ இன்ஜின் தன் எடையாலேயே மெல்லிய அழுக்குப் படலத்தை அழுத்திக்கொண்டு போய்விடும். என்-ஸ்கேல் இன்ஜின் அதே இடத்தில் திக்கித் திக்கி நின்றுவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளத்தைத் துடைக்கும் வேலை இரண்டிலும் உண்டு. என்-ஸ்கேலில் அது ஏறக்குறைய ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும் செய்ய வேண்டிய சடங்காகிவிடுகிறது.

கையால் செய்கிறவருக்கு எச்ஓ ஏன் என்பதை ஒரு இன்ஜினை வைத்தே சொல்வது நல்லது. டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்து, 1962-ல் இந்தியாவுக்கு வந்து, 1964 முதல் வாரணாசியில் கட்டப்பட்ட 2,600 குதிரைத்திறன் இன்ஜின் அது. நாற்பது வயதைக் கடந்த தமிழர் எவரும் அதன் இரைச்சலைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. நீளம் சுமார் 17 மீட்டர்; எச்ஓவில் ஒரு சாண் அளவுக்கு, இருபது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அதன் உடல் முழுக்க நேர்கோடுகள்தான்: நீண்ட மூக்கு, குட்டையான மூக்கு, இரண்டுக்கும் இடையே ஓட்டுநர் அறை. புதியவர் செய்து பழக இதைவிட நல்ல வடிவம் கிடைப்பது அரிது. காலாவதியான வங்கி அட்டையின் தடிமன் 0.76 மி.மீ.; பக்கச் சுவர்களுக்கு அதுவே போதும். கட்டடக்கலை மாணவர்களுக்கான கடைகளில் கிடைக்கும் 3 மி.மீ. சன்போர்டு உள்சட்டத்துக்கு ஆகும். அதே சன்போர்டு எச்ஓவில் 26 செ.மீ. சுவருக்குச் சமம் என்பதால், ஒன்பது அங்குலச் செங்கல் சுவருள்ள பழைய ரயில் நிலையக் கட்டடத்துக்கும் அது ஏறக்குறைய அளவெடுத்ததுபோல் அமைகிறது.

கடினமான வேலை கைப்பிடிக் கம்பிகளில் இருக்கிறது. உண்மையான கம்பி 30 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால், எச்ஓவில் 0.35 மி.மீ. வரும். மெல்லிய கிட்டார் கம்பி அல்லது எனாமல் பூசிய செப்புக் கம்பியை நேராக இழுத்து வெட்டி, பின் வைஸ் எனப்படும் விரலளவுக் கைத்துளைக் கருவியால் நடைபாதை ஓரத்தில் துளையிட்டு, ஒரு துளி ஃபெவிக்விக்கைக் குண்டூசி முனையில் தொட்டு நிறுத்தலாம். என்-ஸ்கேலில் அதே கம்பி 0.19 மி.மீ. ஆக வேண்டும். அந்தத் தடிமனுள்ள கம்பி பெயிண்ட்டின் எடையிலேயே வளைகிறது. கத்தி அரை மில்லிமீட்டர் விலகினால் எச்ஓவில் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் பிழை. அசல் இன்ஜினைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்தவர் அதைக் கண்டுகொள்ள மாட்டார். என்-ஸ்கேலில் அது எட்டு சென்டிமீட்டர். ஜன்னல் சாய்ந்திருப்பது சட்டென்று கண்ணில் படும்.

உடலைச் செய்யலாம், ஓடும் அடிப்பகுதியைச் செய்வது எளிதன்று. மோட்டார், பல்சக்கரம், சக்கரம் ஆகியவை அடங்கிய சேசியை வெளியிலிருந்து வாங்கி அதன்மேல் நம் உடலைப் பொருத்துவதே நடைமுறை. டபிள்யூடிஎம்-2-க்கு ஒரு வசதி உண்டு. அதன் இரண்டு சக்கரத் தொகுதிகள் ஒவ்வொன்றிலும் மூன்று அச்சுகள் சம இடைவெளியில் இராமல் நடு அச்சு ஒரு பக்கம் தள்ளியிருக்கும். அதே தோற்றமுள்ள சக்கரத் தொகுதிகள் ஆல்கோவின் அமெரிக்க ஆர்எஸ்டி வகை இன்ஜின்களிலும் இருந்தன. அட்லஸ் நிறுவனம் அவற்றுக்கு மாடல்கள் வெளியிட்டிருக்கிறது. பழைய ஆர்எஸ்டி மாடல் ஒன்றின் உடலைக் கழற்றிவிட்டு நம் உடலை ஏற்றுவது, மேசையில் இருக்கும் ஒரு பொதுவான ஆறு-அச்சு சேசியைத் திருத்துவதைவிடப் பன்மடங்கு எளிது. சேசிக்காக ஒரு முழு இன்ஜினை வாங்குவது வீண் செலவுபோல் தோன்றும். உடலுக்காகச் செலவாகும் தொகை அட்டை, பசை, பெயிண்ட் அளவோடு நின்றுவிடுவதால் மொத்தக் கணக்கில் அது பாதகமில்லை.

விலை என்று வரும்போது சுங்க வரியைச் சொல்லாமல் விட முடியாது. அளவுவிகித மாதிரிகளும் பொம்மைகளும் சுங்க அட்டவணையில் ஒரே 9503 தலைப்பின்கீழ் வருகின்றன. அத்தலைப்புக்கான வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை என்பதால் ஆர்டர் போடும் நாளின் விகிதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வரியின் விளைவு ஸ்கேல் தேர்விலும் தெரிகிறது. என்-ஸ்கேலில் ஏறக்குறைய எல்லாமே கடல் கடந்து வர வேண்டும். எச்ஓவில் சேசி, தண்டவாளம், பாயிண்ட் மூன்றும் வந்தால் போதும்; மற்றவை எஸ்.பி. ரோட்டிலும் அக்கம்பக்கத்திலும் கிடைக்கின்றன. எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக் கடைகளில் தமிழில் பேசியே வேலையை முடித்துக்கொள்ளலாம். "ரயிலுக்கா சார்? அப்ப இந்த ரிலே வேணாம், ஆட்டோமேட்டிக்கா நிக்கணும்னா இத எடுத்துக்குங்க" என்று சொல்லித்தரும் கடைப்பையன்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

எச்ஓவுக்கு இடம் போதாது என்ற எண்ணம் வட்டப்பாதையை மனத்தில் வைத்துக்கொள்வதால் வருகிறது. வட்டத்தை விட்டுவிட்டால், சுவரோரமாக ஒன்றரை அடி அகலமும் எட்டடி நீளமுமுள்ள பலகையில் ஒரு முனைய நிலையம் அடங்கும். எந்த நிலையம் என்று கேட்டால், பெங்களூருத் தமிழர்களுக்கு மாரிக்குப்பத்தைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை. பங்காருப்பேட்டையிலிருந்து பிரிந்து கோலார் தங்கவயலுக்குள் போகும் சிறிய கிளைப்பாதையின் கடைசி நிலையம் அது. கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்று சுரங்கங்களின் பெயரையே தாங்கிய நிறுத்தங்களைக் கடந்து அங்கே போய்ப் பாதை முடிகிறது. 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அங்கிருந்து விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்கு வந்து இரவில் வீடு திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்களே. பின்னணிக்குச் சுரங்கக் கழிவு மண்மேடுகள்; மலை செய்யத் தெரியாதவருக்கும் அந்தச் சாம்பல் நிற மேடுகளைத் தெர்மக்கோலை அடுக்கிச் சீவி, சலித்த மண்ணைத் தூவிக் கொண்டுவந்துவிடலாம்.

நீளக் கணக்கும் ஒத்துவருகிறது. மூன்று ஐசிஎஃப் பெட்டிகள் 77 செ.மீ.; இன்ஜின் கழன்று பக்கத்துத் தடத்தில் சுற்றிவந்து மறுமுனையில் இணைய, ஒவ்வொன்றும் 22 செ.மீ. நீளமுள்ள இரண்டு நடுத்தரப் பாயிண்ட்டுகள் 44 செ.மீ.; கடைசியில் இன்ஜின் நிற்க 22 செ.மீ. மொத்தம் 143 செ.மீ. எட்டடி என்பது 244 செ.மீ.; மீதமுள்ள ஒரு மீட்டரில் ஒரு அட்டைத் தடுப்பின் பின்னே ரயில் மறைந்து நிற்க இடம் கிடைக்கிறது. அந்த மறைவிடம் பங்காருப்பேட்டை. வண்டி வருகிறது, இன்ஜின் கழல்கிறது, சுற்றிவருகிறது, இணைகிறது, புறப்படுகிறது. இதைப் பத்து நிமிடம் கவனமாகச் செய்தால் வட்டப்பாதையில் ஒரு மணிநேரம் ஓட்டியதைவிட மனம் அதில் ஈடுபடுகிறது. குறைந்தபட்சம் எனக்கு அப்படி.

மூன்றாவது வழியை நம்மவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. எலஹங்காவிலிருந்து சிக்கபள்ளாப்பூர், கோலார் வழியாகப் பங்காருப்பேட்டை வரை ஒரு காலத்தில் 762 மி.மீ. இடைவெளியுள்ள, நேரோ கேஜ் எனப்படும் குறும்பாதை ஓடியது. இன்று அது அகலப்பாதை. நந்தி மலையடிவாரத்தில் நந்தி ஹால்ட் என்ற பழைய நிலையக் கட்டடம் அந்தத் தடத்தில் நிற்கிறது. 762-ஐ 87-ஆல் வகுத்தால் 8.8 மி.மீ. என்-ஸ்கேலின் 9 மி.மீ. தண்டவாளத்தோடு அது ஒட்டிப்போகிறது. வேறுபாடு மூன்று சதவீதத்துக்கும் குறைவு. அதாவது எச்ஓ அளவிலான உடல், கட்டடம், மனிதர்; அடியிலே என்-ஸ்கேல் தண்டவாளமும் சேசியும். ஐரோப்பாவில் எச்ஓஇ என்று வழங்கும் இந்தக் கலவையில் இந்தியாவுக்கான இடைவெளிச் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடுகிறது. காட்டோ தனியாக விற்கும் சிறிய மோட்டார் சேசியின்மேல் அட்டையால், தானே ஓடும் ஒற்றைப் பெட்டியான ஒரு சிறு ரயில்காரைக் கட்டிவிடலாம், 23 செ.மீ. ஆரத்தில் அது திரும்பும். இரண்டடிப் பலகையில் வட்டமும் கிடைக்கிறது, கைவேலைக்கு வசதியான அளவும் கிடைக்கிறது.

அப்படியானால் இதையே எல்லோருக்கும் சொல்லிவிடலாமே என்றால், ஒரு தடை இருக்கிறது. பெட்டியும் இன்ஜினும் எதுவுமே ஆயத்தமாகக் கிடைக்காது. முதல் ஓட்டத்தைப் பார்க்கவே பல மாதம் ஆகும், அதற்குள் ஆர்வம் வற்றிவிடக்கூடும். அந்தப் பாதையின் வண்டிகளுக்கு அளவுப் படங்களைத் தேடுவதும் தனி வேலை. மைசூரு ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய நீராவி இன்ஜின்களின் அருகில் நின்று ரிவெட் வரிசைகளைப் பார்ப்பதும், பழைய புகைப்படங்களை ஒப்பிட்டு அளவை ஊகிப்பதும் பிடித்தவருக்கே இது ஏற்றது. நீலகிரி மலை ரயிலைக் கேட்பவர்களும் உண்டு. அது மீட்டர் கேஜ், 12 மி.மீ. தண்டவாளத்தில் எச்ஓவில் அழகாக அமையும். ஆனால் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும் சரிவும் நடுவிலே பல்சட்டமும் கொண்ட பாதை அது. கண்ணாடி அலமாரிக்குள் நிறுத்திவைக்கும் ஒற்றை இன்ஜினாக அதைச் செய்வது அறிவுடைமை.

மின்கட்டுப்பாட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே இன்ஜின் ஓடும் முனைய நிலையத்துக்குப் பன்னிரண்டு வோல்ட் டிசியும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகும் போதும். இரண்டு ரயில்கள் ஒரே தடத்தில் தனித்தனியாக ஓட வேண்டும் என்றால்தான் டிசிசி எனப்படும் டிஜிட்டல் முறை தேவை. அதற்கும் விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை. ஆர்டுயினோ மெகா என்ற சிறு மின்னணுப் பலகை ஒன்றும் அதன்மேல் பொருத்தும் மோட்டார் ஷீல்டு ஒன்றும் இருந்தால், டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி வீட்டிலேயே கட்டுப்பாட்டுக் கருவியை அமைத்துக்கொள்ளலாம். டிசிசி கட்டளையை ஏற்று மோட்டாரை இயக்கும் டிகோடரை இன்ஜினுக்குள் அடைக்கும் வேலை எச்ஓவில் எளிது. பழைய என்-ஸ்கேல் இன்ஜின்களில் அதற்காக உலோகச் சட்டத்தையே அரத்தால் தேய்க்க வேண்டிவரும்.

வாடகை வீட்டுக்காரர்கள் பலகையைப் பற்றிக் கூடுதலாக யோசிக்க வேண்டும். சுவரில் துளையிட்டால் பத்து மாத அட்வான்ஸில் பிடித்தம் உறுதி. ஆகவே பலகையைப் புத்தக அலமாரிகளின் தலைமேலோ துளையிட்ட இரும்பு ஆங்கிள் தாங்கியின்மேலோ வைப்பது உத்தமம். எட்டடிப் பலகை அடுக்ககத்தின் லிஃப்ட்டில் ஏறாது. நான்கடியாக இரண்டு துண்டு செய்து போல்ட்டால் இணைத்தால் வீடு மாறும்போது எல்லாம் பத்திரமாக இறங்கும். எந்த இடத்திலும் பாயிண்ட்டு அந்த இணைப்பின் குறுக்கே வராமல் திட்டமிட்டுக்கொள்ள வேண்டும். பெங்களூருவின் மழைக்காலத்துக்கும் உலர்ந்த கோடைக்கும் இடையே மரம் ஊதிச் சுருங்கும். தண்டவாளம் நெளிவதற்கு வெயிலைவிட இதுதான் காரணம் என்பதால், பிளைவுட்டின் ஓரங்களையும் அடிப்பக்கத்தையும் வார்னிஷால் அடைத்துவிட்டுத் தண்டவாளத் துண்டுகளுக்கிடையே மெல்லிய இடைவெளி விடுவது அவசியம்.

ஆக, நீண்ட எக்ஸ்பிரஸ் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க விரும்புகிறவர், ஓடுவது ஜப்பானிய ரயிலானாலும் பரவாயில்லை என்கிறவர், தயங்காமல் என்-ஸ்கேலை எடுக்கலாம். அவருக்கு எச்ஓ ஏமாற்றமே தரும். இந்திய இன்ஜினைத் தம் கையால் செய்து, அது நகர்வதைக் கண்ணுக்கு அருகில் பார்க்க விரும்புகிறவருக்கு எச்ஓவில் சுவரோர முனைய நிலையம்தான் என் பரிந்துரை. இந்தப் பொழுதுபோக்கில் நுழையும் தமிழர்களில் பலரும் உண்மையில் இந்த வகையினர் என்றே நினைக்கிறேன். இரண்டு இன்ஜின்களாவது செய்து முடித்த கைக்கு நேரோ கேஜ்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நாளைச் செலவிடலாம். டபிள்யூடிஎம்-2-வின் பக்கவாட்டுப் படத்தையும் ஒரு ஐசிஎஃப் பெட்டியின் படத்தையும் 1:87-லும் 1:160-லும் அச்செடுத்து, தடித்த அட்டையில் ஒட்டி வெட்டி, லேஅவுட் வரப்போகும் அதே அலமாரியின்மேல் பெட்டிகளைப் பிரதியெடுத்து வரிசையாக நிறுத்திப் பார்க்க வேண்டும். பூனாவுக்குப் போகும் வாய்ப்பு இருந்தால், 1998 முதல் கோத்ரூடில் இயங்கும் ஜோஷியின் மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்தில் ஓடும் லேஅவுட்டைப் பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது. முதலில் வாங்க வேண்டியது ஒரு சேசியும், ஒரு மீட்டர் தண்டவாளமும், ஒரே ஒரு பாயிண்ட்டும். அந்த பாயிண்ட்டின்மேல் இன்ஜின் திக்காமல் மெதுவாகக் கடக்கும் வரை இரண்டாவதை ஆர்டர் செய்யத் தேவையில்லை.